ஓட்டல் மேசையில்

ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) படத்தில் ஓர் ஓட்டல் காட்சி வருகிறது. வீட்டில் சக்கையை மேசையிலேயே துப்புகிற கணவன், அங்கே அதைப் பதவிசாக ஒதுக்கி வைக்கிறான். மனைவி சிரித்துக்கொண்டே அதைச் சொல்கிறாள். அவன் முகம் மாறிவிடுகிறது. கடைசியில் மன்னிப்புக் கேட்பவள் அவள்தான். அவனுக்கு நாகரிகம் தெரியும். வீட்டுப் பெண்ணிடம் அது தேவையில்லை என்பதும் தெரியும்.

எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்த டிபன் கடைக்குப் போன காலையில் இந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. இரண்டாவது தோசை தாமதமானால் வீட்டில் குரல் உயர்த்தும் அப்பா, அங்கே இருபது நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தார். சாம்பாரில் உப்பில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. “உங்களுக்கு என்னம்மா?” என்று சர்வர் கேட்டதும் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தார். “எல்லாரும் சொல்றதே எனக்கும்.” எழுபது வயதில் தனக்குப் பிடித்த பலகாரம் எதுவென்று சொல்ல வரவில்லை.

படத்தில் இளையவள் வெளியேறி நடனம் கற்பிக்கிறாள். அது நமக்கு வேண்டிய முடிவுதான். ஆனால் கர்ப்பிணி மகளுக்கு உதவப் போகும் மாமியார், ஓர் அடுப்படியிலிருந்து இன்னோர் அடுப்படிக்கு மாறுகிறார், அவ்வளவே. கேமரா அவர் பின்னே போவதில்லை. அவருக்கு எது பிடிக்கும் என்று படமும் கேட்கவில்லை. நாங்களும் அன்றுவரை கேட்டதில்லை.

வீடு திரும்பியதும் அம்மா மறுநாளைக்கு உளுந்து ஊறவைத்தார்.