எதிரணி எதிரிலேயே நிற்கும் ஆட்டம்

சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் இருக்கும் தேசிய விளையாட்டரங்கில்தான் 1962 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அதே அரங்கம் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்த வதைமுகாம் ஆனது. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காக அங்கே வந்து ஆட சோவியத் அணி மறுத்துவிட்டது. நவம்பர் 21 அன்று சிலி வீரர்கள் எதிரணியே இல்லாத மைதானத்தில் பந்தை உருட்டிப்போய் கோல் போட்டார்கள்.

2019 டிசம்பர் 4 அன்று அந்த அரங்கத்தின் வெளியே ஆயிரக்கணக்கான பெண்கள் கறுப்பு உடையும் சிவப்புக் கழுத்துத்துணியுமாக வரிசைகட்டி நின்றார்கள். அழைப்பே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான். கண்ணில் கறுப்புத் துணி. ராணுவ ஆட்சிக்காலத்தில் இளம்பெண்களாக இருந்த பலரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

அவர்கள் ஆடியது வால்பரைசோ நகரின் நான்கு பெண்கள் சேர்ந்த லாஸ்தெசிஸ் குழு வடிவமைத்த ஆட்டம். பாலியல் வன்முறையில் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் உள்ள பங்கைப் பேசும் பாட்டு அது. இரண்டு வாரங்களுக்கு முன், நவம்பர் 20 அன்றுதான் வால்பரைசோ தெருவில் முதன்முதலாக ஆடப்பட்டது. அதற்குள் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போய்விட்டது.

இவ்வளவு வேகமாகப் பரவ வைத்தது அதன் அமைப்பு. இடம், வலம் என்று எளிய அடி. தனி ஆட்டக்காரி கிடையாது, பயிற்சி பெற்ற உடம்பும் தேவையில்லை. கண்கட்டோடு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அடி சேர்ப்பது கடினம் என்பதால், தாளமும் சேர்ந்தெழும் குரலும்தான் வரிசையைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு கட்டத்தில் எல்லோருடைய கையும் நேரே நீண்டு எதிரில் இருப்பதைச் சுட்டுகிறது. எந்தக் கட்டடத்தின் முன் ஆடுகிறார்களோ, அதுவே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது.

ஆனால் என்னை உலுக்கியது இன்னொரு அசைவு. இரு கைகளையும் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தோப்புக்கரணம் போல, உட்கார்ந்து எழுகிறார்கள். அந்த ஆண்டு சிலியில் போராடிக் கைதான பெண்களைக் காவல் நிலையங்களில் ஆடை களையவைத்து இப்படித்தான் உட்கார்ந்து எழச் செய்தார்கள். மனித உரிமை அமைப்புகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. அடைத்த அறைக்குள் ஒருத்தியை அவமானப்படுத்திய அதே அசைவைப் பட்டப்பகலில், நடுத்தெருவில், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் செய்யும்போது அவமானம் இடம் மாறிவிடுகிறது. எந்த மேடை நடனத்திலும் இவ்வளவு துல்லியமான அடவை நான் பார்த்ததில்லை. ‘இதெல்லாம் நடனமா?’ என்று கேட்பவர்கள் இந்தச் சில நொடிகளை மறுபடி பார்க்கட்டும்.

டிசம்பர் 8 அன்று இஸ்தான்புல்லில் இந்த ஆட்டத்தை ஆடிய பெண்களைப் போலீஸ் கலைத்தது, சிலரைக் கைது செய்தது. சில நாட்களில் துருக்கி நாடாளுமன்றத்துக்குள்ளேயே எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்கள் எழுந்து, மேசையைத் தட்டித் தாளம் போட்டு, அதே பாட்டைப் பாடினார்கள். உட்கார்ந்து எழ அங்கே இடமில்லை. சுற்றிலும் இருந்த சக உறுப்பினர்கள் கொலையுண்ட பெண்களின் படங்களை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.