இன்ரர்லிங்குவா மொழியின் வினைத்திரிபு

மக்கள் நாவிலே இயல்பாக வளர்ந்த மொழிகள் ஒருபுறமிருக்க, அறிஞர் ஆராய்ந்து அமைத்த மொழிகளும் சில உள. 1887இல் சமென்ஹொவ் வெளியிட்ட எஸ்பெரான்ரோ அவற்றுள் ஒன்று. 1951இல் அலெக்சாந்தர் கோடே முதலியோர் வெளியிட்ட இன்ரர்லிங்குவா மற்றொன்று. பின்னையதன் சொற்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கேயம் ஆகியவற்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. இம்மூலமொழிகளுள் ஒன்றிலே காணப்படாவிடினும் ஓர் இலக்கண வேறுபாடு விலக்கப்படும் என்பது அமைத்தோர் கொண்ட நெறி.

அந்நெறியின் பயன் வினைச்சொல்லிலே தெளிவாகும். பேசுதற் பொருளில் ஸ்பானியம் நிகழ்காலத்து அப்லோ, அப்லாஸ், அப்லா, அப்லாமோஸ், அப்லாயிஸ், அப்லான் என ஆறு வடிவம் கொள்ளும். ஆங்கிலத்தில் ஸ்பீக், ஸ்பீக்ஸ் என இரண்டே எஞ்சின. இன்ரர்லிங்குவாவிலோ மூவிடத்துக்கும் இரண்டெண்ணுக்கும் 'பார்லா' ஒன்றே. இறந்தகாலம் பார்லாவா, எதிர்காலம் பார்லாரா. ஓசை ஸ்பானியத்தின் இனத்தது. அமைப்பு ஆங்கிலத்தின் வழியது.

இவ்வெளிமை பாராட்டத்தக்கதே. ஆயினும் இழப்பின்றி அது கிடைத்திலது. 'அப்லோ' என்னுமளவில் பேசுவோன் தன்மை ஒருமை என்பது விளங்கும். 'வந்தேன்' என்னும் தமிழ் வினைமுற்றும் அத்தகையதே. 'பார்லா' என்பதற்கோ எழுவாய் துணைவர வேண்டும். மேலும், முற்றிய செயலை 'அப்லே' எனவும், தொடர்ந்து நிகழ்ந்ததை 'அப்லாபா' எனவும் ஸ்பானியம் பிரித்துரைக்கும். 'பார்லாவா' இரண்டையும் தன்னுள் அடக்கி, வேறுபாட்டைச் சூழலுக்கு விட்டுவிடும்.

இத்துணை விலக்கியோர், ஆர், எர், இர் என முடியும் மூவகை வினைகளை மட்டும் விலக்காது வைத்தமை வியப்பைத் தருவது. அவ்வகைகளாற் பொருள் வேறுபடுவதில்லை. ஆங்கிலத்தில் அவை இல்லவும் இல்லை. எஸ்பெரான்ரோவில் எல்லா வினையும் ஒரே வாய்பாட்டினவே. அவ்வுயிரெழுத்துக்கள் சொல்லின் உருவைச் சார்ந்தன, இலக்கணத்தைச் சார்ந்தன அல்ல என்று விடை கூறலாம். அவ்விடை பொருந்துவதே, ஸ்பானியம் அறிந்தோன் இன்ரர்லிங்குவா நூலைக் கல்லாமலே பெரும்பாலும் படித்தறிவதற்கு அப்பழைய உருவே காரணம்.

ஆனால், அவ்விடையிலேயே இம்மொழியின் எல்லையும் வெளிப்படுகின்றது. ஐரோப்பிய மொழி எதனையும் அறியாதவனுக்கு அவ்வுரு அறிமுகமானதன்று. மூவகையையும் அவன் நெட்டுருச் செய்தே கொள்ளல் வேண்டும். அறிந்தோர்க்கு எளிதாய், அறியாதோர்க்குச் சுமையாய் நிற்கும் ஒன்றை உரோமானிய மொழிகளின் பொதுவடிவம் எனல் தகும்; உலகப் பொதுமொழி எனல் தகாது.