பச்சையாகத் தெரிவதெல்லாம் பாசி இல்லை

"மிதவைப் பாசி 20% குறைந்தது" என்ற வரியைப் படித்ததும், ஜெகதாப்பட்டினத்தில் மீன் குறையவும் அதுதான் காரணம்னு சொல்லத் தோணும். அவசரப்பட வேண்டாம்.

ராக்ஸி மேத்யூ கோல் குழுவின் 2016 ஆய்வு பேசுவது மேற்கு இந்தியப் பெருங்கடலைப் பற்றி. "20% வரை" என்பது அறுபது ஆண்டுக் கணக்கு. ஆனால் சீவிஃப்ஸ் செயற்கைக்கோள் தரவு தொடங்குவதே 1997-ல். அதற்கு முந்தைய காலத்துக்குக் கணினி மாதிரிகள்தான் துணை. சுமார் ஏழு ஆண்டுத் தரவை வைத்து, மேற்கு அரபிக்கடலில் பாசி பெருகுதுன்னு 2005-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. கால அளவு மாறினால் கதையே மாறுது. காலநிலை மாற்றத்தின் தடயத்தைப் பிரித்தறிய சுமார் 40 ஆண்டுத் தரவு வேணும் என்றது ஸ்டெஃபனி ஹென்சன் குழு, 2010-ல்.

பாக் விரிகுடாவில் சிக்கல் இன்னும் பெரிசு. நீல, பச்சை ஒளியின் விகிதத்தில் பச்சையத்தைக் கணிக்கும் சூத்திரம் தெளிந்த ஆழ்கடலுக்கானது. ஆழம் குறைந்த இந்தக் கடலில் கலங்கிய சேறும், அடியில் இருக்கும் கடல்புல்லும்கூடப் பச்சையமாகக் கணக்கில் ஏறலாம். இங்கே தண்ணீரை மொண்டு சோதிக்காத வரைபடம் அரைச் சாட்சிதான்.

அந்த அரைச் சாட்சியை வைத்துப் பழியைக் கடல் சூட்டின் மேல் போட்டால், விசைப்படகின் இழுவைமடி அடித்தரையை என்ன செய்யுதுங்கிற கேள்வி தப்பிச்சுடும்.