நுண்பைகளின் நேர்த்தி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கு அப்பால் ஆரணியாற்றுச் சேற்றிலும், நம் குடலினுள்ளும் ஒருங்கே வாசம் செய்யும் பாக்டீரியாக்களுள் பல, தம் புறச்சவ்வைப் புடைத்துக் கிள்ளி உதிர்க்கும் நுண்பைகளைப் போல் என் மனத்தைக் கவர்ந்த சிருஷ்டி வேறில்லை. 1967-இல் கல்கத்தாவில் சட்டர்ஜி, தாஸ் என்னும் ஆய்வாளர்கள், காலராக் கிருமியின் மேற்சுவர் இவ்வாறு குமிழாய்ப் பிரிவதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு எழுதினர்.

சுமார் 20 முதல் 250 நானோமீட்டர் அளவேயான இப்பைகள் விஷத்தையும் நொதிகளையும் ஏந்திச் சென்று நோயை வளர்க்கின்றன; எனினும், கிருமியின் மேனி அடையாளங்களைத் தாங்கியும் பெருகும் சக்தியற்றவையாதலால், அவற்றைக் கொண்டே நம் சரீரத்துக்கு எதிர்ப்பாற்றலைப் பயிற்றவும் இயல்கிறது. நியூஸிலாந்தில் 2004-இல் மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிராக வழங்கப்பட்ட தடுப்பூசி இவ்வகையினதே. காலராவின் கொடுமையை நெடுங்காலம் அனுபவித்த நம் நாட்டில் இவ்வாராய்ச்சி மேலும் தழைத்தல் வேண்டும்.