விரல்நுனி அளவு இரும்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போக வாய்த்தால், ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு, அதன் மேஜையில் பீஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபிக்சரைக் குனிந்து பாருங்கள். பல ஃபிக்சர்களில் ஓரமாக, விரல்நுனி அளவில் ஓர் இரும்புப் பின் துருத்திக்கொண்டு நிற்கும். பீஸைச் சரியாக வைத்தால் அது குறுக்கே வராது. திருப்பி வைத்தால் இடிக்கும், பீஸ் உட்காராது. அதற்கு வேறு வேலை கிடையாது.

எனக்கு அதைப் பார்த்துத் தீராது. முதலில், அது நிற்கும் இடம். நட்டநடுவே வைத்திருந்தால் எப்படிப் போட்டாலும் இடித்திருக்கும். இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்ததால்தானே பீஸ் மாறிப் போய், தப்பான பக்கத்தில் துளை விழுந்து, ரிஜெக்‌ஷன் தொட்டி நிறைந்தது? கண்ணுக்குத் தப்பிய அந்தச் சின்ன வித்தியாசத்தை, ஓர் ஓர வளைவையோ பள்ளத்தையோ, யாரோ தேடிப் பிடித்திருக்கிறார்கள். பின் நிற்பது அங்கே. தவறை முழுசாகப் புரிந்துகொள்ளாதவரால் அந்த இடத்தைக் குறித்திருக்க முடியாது. அடுத்து, அதன் குணம். திட்டாது, பெயர் கேட்காது. நைட் ஷிஃப்டில் மூன்று மணிக்கும் அசராது. ஒடிசாவிலிருந்து நேற்று வந்து சேர்ந்த பையனுக்கும் அது சொல்வது விளங்கும். சுவரில் ‘கவனமாக வேலை செய்யவும்’ என்று எழுதி வைத்திருப்பதைப் படிக்கத்தான் தமிழ் தெரிய வேண்டும்.

தவறை இப்படி வழிமறிக்கும் ஏற்பாட்டைப் பட்டறையில் போக்கா-யோக்கே என்பார்கள். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961-ல் தொடங்கிவைத்தது. ஒரு சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் போட வேண்டும். தொழிலாளர்கள் ஒன்றைப் போட அவ்வப்போது மறந்தார்கள். முதலில் இரண்டையும் எடுத்து ஒரு சின்னத் தட்டில் வையுங்கள் என்றார் ஷிங்கோ. வேலை முடிந்த பிறகும் தட்டில் ஒன்று கிடந்தால் மறதி கண்ணில் பட்டுவிடும். மனிதன் மறப்பான் என்று ஒப்புக்கொண்டல்லவா தொடங்கினார்! நம் வீட்டிலும் இந்தச் சாமர்த்தியம் உண்டு. சிம் கார்டின் வெட்டுப்பட்ட மூலையைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் தடிமன், கூடவே நீளம். தடிமன், மாற்றிச் செருக விடாது. நீளம், எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரியும்படி பார்த்துக்கொள்கிறது.

எதைத் தவறென்று எடுத்துக்கொள்வது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1924 மே 16 அன்று அமெரிக்காவில் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் ஒரே பக்கக் குறிப்பில் ஒரு வரைபடம் காட்டினார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் அளவுகள் ஏறி இறங்குவது இயல்பு. கோட்டைத் தாண்டினால்தான் காரணம் தேட வேண்டும். இது தெரியாத சிஎன்சி ஆபரேட்டர் ஒரு பீஸ் பத்து மைக்ரான் கூடி வந்தாலே மெஷினின் ஆஃப்செட் அளவை மாற்றுவார். அடுத்தது குறைந்து வரும், மறுபடி மாற்றுவார். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் இதையே புனலும் கோலிக்குண்டும் வைத்துக் காட்டினார்: குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துப் புனலை நகர்த்தினால் சிதறல் கூடும். சாம்பாரில் உப்பும் தண்ணீரும் மாற்றி மாற்றிச் சேர்த்தவர்களுக்கு நிரூபணம் வேண்டாம்.

டெமிங் 1950-ல் ஜப்பானில் தரக் கட்டுப்பாட்டுப் பாடம் எடுத்தார். 1951-ல் அங்கே அவர் பெயரில் விருது வந்தது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது, 1998-ல், அம்பத்தூரை ஒட்டிய பாடியில் அப்போது இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு. பிறகு இதே வட்டாரத்தில் 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-ல் ரானே பிரேக் லைனிங், 2004-ல் லூகாஸ்-டிவிஎஸ். நான்கில் மூன்று பிரேக்! இவர்கள் பக்கம் தவறு நேர்ந்தால் ரோட்டில் வண்டி நிற்காது.

இவ்வளவும் கற்ற வட்டாரத்திலேயே ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுத் தவறின் மூலக் காரணத்தைத் தேடும் ஒய்-ஒய் தாள்கள் சில, ஐந்தாவது ‘ஏன்’ கட்டத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, அறிவுரை வழங்கப்பட்டது’ என்று முடிகின்றன. இரும்புப் பின் எங்கே நிற்க வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. மேலாளர்களே, அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.