புகாரும் மௌனமும்: நிரலை வாசிக்கும் நிரல் பற்றி

மூலநிரல் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எனவே அதற்குள் எதையும் ஒளித்துவைக்க முடியாது. கட்டற்ற மென்பொருள் பேசுகிற தோழர்கள் இந்த வாதத்தைச் சொல்லாத கூட்டமில்லை. வாதத்தின் முன்பாதியோடு எனக்குச் சண்டை கிடையாது. அந்த 'எனவே'யோடுதான். படிக்கலாம் என்பது வேறு, படிக்கப்படுகிறது என்பது வேறு. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடக்கிற இதழ்களும் திறந்த பிரதிகள்தான்.

நடைமுறையில் நிரல்களை அதிகம் படிப்பவை வேறு நிரல்கள். அப்படிப் படிக்கிறவற்றில் ஒன்றான வால்கிரின்டைச் சோர்ஸிலிருந்து கட்டி, சோதித்து, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்ச நாள் குடைந்துகொண்டிருந்தேன். அதை முன்வைத்து வாசிப்பைப் பற்றியும் புகாரைப் பற்றியும் சில விஷயங்கள் பேசத் தோன்றுகிறது. தொழில்நுட்பத்தை ஒரே தாண்டாகத் தாண்டி நேரே 'அதிகாரம்' என்று ஆரம்பிக்கிற கட்டுரைகள் நம்மிடம் போதுமான அளவுக்கு இருக்கின்றன. எனவே கொஞ்சம் இயந்திரத்தோடேயே இருப்போம்.

வால்கிரின்டை எழுதத் தொடங்கியவர் ஜூலியன் செவார்ட், 2002இல் வெளிவந்தது. பெயர் நார்ஸ் புராணத்தில் வருவது. வல்ஹல்லா மண்டபத்தின் தலைவாசலுக்கு அந்தப் பெயர், தகுதி உள்ளவர்கள்தான் உள்ளே போகலாம். (காவல்காரப் பெயர்தான். 'கிரைண்ட்' என்று சொல்லக் கூடாது, 'கிரின்ட்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று செய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.) சி மொழியில் எழுதுகிறவர் நினைவகத்தில் ஓர் இடத்தைக் கேட்டு வாங்கலாம், அதில் எதையும் எழுதுவதற்கு முன்பே அதைப் படிக்கவும் செய்யலாம். மொழி தடுக்காது. அங்கே முன்பு குடியிருந்தவன் விட்டுப்போன குப்பை கிடக்கும். அதை எண் என்று நம்பி நிரல் கணக்குப் போடும். பல நாள் சரியாக ஓடும். ஒரு நாள் விழும்.

வால்கிரின்டின் முக்கியக் கருவியான மெம்செக் இதைப் பிடிக்கிற விதம் யோசிக்கத்தக்கது. நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் நிழலாக இன்னொரு பிட்டை அது வைத்துக்கொள்கிறது. 'இது யாரோ எழுதிய மதிப்பா, சும்மா கிடந்த குப்பையா' என்பது நிழலில் பதிவாகிறது. குப்பையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்தால் மெம்செக் வாயே திறக்காது. நிழலும் கூடவே போகும், அவ்வளவுதான். குப்பையோடு குப்பையைக் கூட்டினாலும் பேசாது. 'இப்படியானால் இந்தப் பக்கம் போ, இல்லையானால் அந்தப் பக்கம் போ' என்கிற முடிவு ஒன்று அந்தக் குப்பையை நம்பி எடுக்கப்படும்போது புகார் எழுதுகிறது. ஊகத்தைச் சுமந்து திரிவது குற்றமில்லை, ஊகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லுகிற இடம்தான் குற்றம். நம்முடைய விமர்சன உலகத்தில் இந்த அளவு நிதானம் உள்ள வாசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு விலை உண்டு. வாசிக்கப்படும் நிரல் 10 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். அதைவிட முக்கியம், அது தன் சொந்த உருவத்தில் ஓடுவதே இல்லை. வால்கிரின்ட் அதைத் துண்டு துண்டாக எடுத்து, வேறொரு இடைமொழிக்குப் பெயர்த்து, தன் கேள்விகளை நடுவில் செருகி, திரும்பவும் இயந்திர மொழியாக்கி ஓட்டுகிறது. ஓடுவது உரை கலந்த மூலம். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டின் அடிகளை எங்கெங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொன்னாரே, அந்த மாதிரி. மூலத்தை உள்ளபடி பார்க்கிற வாசிப்பு என்று ஒன்று இங்கேயும் இல்லை.

கட்டுகிற வேலை பெரிசாக ஒன்றுமில்லை. நாலைந்து கட்டளை, ஒரு டீ. சோதிக்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குட்டி நிரல். வேண்டுமென்றே தப்பு செய்கிற நிரல்கள் அதில் நிறைய. அவற்றை ஓட்டும்போது வால்கிரின்ட் என்ன புகார் சொல்ல வேண்டும் என்று 'எதிர்பார்க்கும் விடை'க் கோப்பு ஒன்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. வந்த விடையையும் எதிர்பார்த்த விடையையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, பொருந்தினால் தேர்வு, பொருந்தாவிட்டால் தோல்வி. ஆனால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஓட்டத்துக்கு ஓட்டம் செயல் எண் மாறும், நினைவக முகவரி மாறும். எனவே ஒப்பிடுவதற்கு முன்னால் வடிகட்டி ஒன்று அவற்றையெல்லாம் துடைத்துவிடுகிறது. இந்த ஓட்டத்துக்கே உரியது என்று இருக்கிற எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் 'சரி' என்கிற சொல் சாத்தியமாகிறது.

சில சோதனைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்பார்க்கும் விடைகள் உண்டு. இந்தச் சிப்புக்கு இது, சி நூலகத்தின் அந்தப் பதிப்புக்கு அது என்று. பாடபேதம் என்றே சொல்லலாம். என் கணினியில் தோற்ற சோதனைகளைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலும் இந்த ரகம்தான்: புகார் அதேதான், நூலகம் புதிசு என்பதால் நடுவில் ஒரு பெயர் மாறியிருந்தது. தோல்வி என்று அறிக்கை சொன்னது. என்ன செய்ய வேண்டும்? புதிய விடையையும் எதிர்பார்க்கும் விடையாகச் சேர்த்துவிட்டால் அடுத்த முறை தேர்வு. அது நியாயமான திருத்தமா, தோல்வியைச் சட்டமாக்குகிற வேலையா என்பதை இயந்திரம் சொல்லாது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

வால்கிரின்டுக்கே பிழை இருந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓடுவதற்கென்று தனியாகக் கட்டிய ஒரு வால்கிரின்டை, வெளியே இன்னொரு வால்கிரின்டின் மேற்பார்வையில் ஓட்டலாம். வாசகனை வாசிக்கிற வாசகன். மெதுவோ மெது. நம் கோட்பாட்டு நண்பர்கள் இந்த இடத்தில் முடிவில்லாத பிரதிபலிப்பு என்று உற்சாகமாகிவிடுவார்கள். முடிவு இருக்கிறது: வெளியே நிற்கிற கடைசி வால்கிரின்டை யாரும் வாசிப்பதில்லை. அதைக் கட்டிய கம்பைலரையும்தான். மூலத்தில் ஒரு தடயமும் இல்லாமல், கம்பைலரின் இரும வடிவத்துக்குள்ளேயே ஒரு பின்வாசலைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்த முடியும் என்று கென் தாம்ப்சன் 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் காட்டிவிட்டார். 'சோர்ஸிலிருந்து நானே கட்டினேன்' என்பதில் உள்ள 'நானே' அவ்வளவு கெட்டியான சொல் இல்லை.

இனி மௌனத்துக்கு வருகிறேன். வால்கிரின்டோடு அடக்குக் கோப்புகள் வருகின்றன: இந்த இந்த இடத்தில் வருகிற இந்த இந்தப் புகாரைக் காட்டாதே என்கிற பட்டியல். தேவையானதுதான். நாம் திருத்த முடியாத யாரோ எழுதிய நூலகத்தின் புகார்கள் ஆயிரம் வந்து கொட்டினால் நம் பிழை கண்ணில் படாது. புகாரைப் பார்த்து அடக்கு விதியை வால்கிரின்டே எழுதியும் தரும். புகார் சொல்கிறவனே தன் வாயை மூடும் துணியையும் தைத்துக் கொடுக்கிறான்.

2006இல் டெபியனில் நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கணும். ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்கிற மறையாக்க நூலகத்தின் சீரற்ற எண் உருவாக்கியைப் பற்றி வால்கிரின்ட் புகார் சொன்னது: எழுதப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று. புகார் உண்மை. புகார் சுட்டிய வரி, கோப்பில் இரண்டு இடத்தில், ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. ஓரிடத்தில் அந்த வரி குப்பையையும் சேர்த்துக் கலக்கியது. போனால் பெரிய நட்டமில்லை. முந்தைய தலைமுறைக் கருவியான பியூரிஃபை புகார் சொல்லும் என்று அதன் பக்கத்தில் யாரோ ஓரக்குறிப்பும் எழுதியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் அதே வரிதான் கணினி திரட்டிய சீரின்மை முழுவதும் உள்ளே நுழைகிற வாசல். டெபியனின் பொறுப்பாளர் இரண்டையும் நீக்கினார். கேட்காமல் செய்யவில்லை, ஓப்பன் எஸ்.எஸ்.எல். உருவாக்குநர்களிடம் கேட்டார், தடுத்துச் சொன்னவர்கள் இல்லை.

புகார் நின்றது. சாவிகளின் விதையாக மிஞ்சியது ஓடுகிற செயலின் எண் மட்டும். அதாவது ஒரு வகைச் சாவிக்கு, ஒரு வகைக் கணினியில், அதிகபட்சம் 32,768 சாவிகள்தான் உலகத்தில் உண்டாக முடியும். ஒரு மதிய நேரத்தில் எல்லாவற்றையும் உண்டாக்கி அடுக்கிவிடலாம். டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் சாவி செய்துகொண்டவர்கள், மறைவாகப் பேசியாக வேண்டிய நிலையில் இருந்தவர்கள் உள்பட, ஏறத்தாழ 2 ஆண்டுகள் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்க, 2008 மே மாதம் அறிவிப்பு வந்தது. அவ்வளவு காலமும் மூலநிரல் திறந்துதான் கிடந்தது. மாற்றமும் பகிரங்கமாகத்தான் நடந்தது.

ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும் என்பது இலக்கிய மாணவனின் முதல் பாடம். கருவி அதைச் சொல்லித் தராது, அது அதன் வேலையும் இல்லை. தவறான தனிமனிதரைத் தேடிப் பிடித்து ஏசுவதில் எனக்கு ஆர்வமில்லை. புகார் நிற்பதையே வாசிப்பின் இலக்காக எடுத்துக்கொள்கிற பழக்கம்தான் என்னை உறுத்துகிறது. நம் கட்சிகளிலும் இயக்கங்களிலும் இதே பழக்கம் எத்தனை ஆண்டாக நடக்கிறது! விமர்சனம் வந்தால் அது சுட்டுகிற இடத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, அது வராமல் செய்வதற்கு என்ன வழி என்று கூடிப் பேசுகிறோம்.

2024இல் நடந்தது இதன் மறுபக்கம். எக்ஸ்-இசட் என்கிற சுருக்க நிரலில் பின்வாசல் வைக்கப்பட்டது. வைத்த இடத்தைக் கவனியுங்கள். சோதனைக் கோப்புகள் கிடக்கிற அடைவில், 'கெட்டுப்போன மாதிரி' என்கிற பெயரில். சோதனைக்கான குப்பை என்றால் யார் திறந்து பார்ப்பார்கள்? அதை எடுத்து நிரலுக்குள் பொருத்துகிற துணுக்கு, எல்லோரும் பார்க்கிற களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. விநியோகப் பொதியாகக் கட்டும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். சோர்ஸிலிருந்து கட்டுகிற செயலே தாக்குதலின் பாதை.

5.6.0 பதிப்பு வெளிவந்ததும் வால்கிரின்ட் புகார் சொன்னது. உடனே ஒரு திருத்தம் வந்தது. கம்பைலரோடு சேரும்போது வால்கிரின்ட் சொல்கிற பொய்ப் புகாரைச் சரிசெய்கிறோம் என்று அதற்கு விளக்கம். அடுத்த பதிப்பு 5.6.1. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வேறு ஏதோ வேகம் அளந்துகொண்டிருந்தபோது தொலைக் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆவதைப் பார்த்தார். சில வாரம் முன்பு கண்ணில் பட்ட அந்த விநோதமான வால்கிரின்ட் புகார் அவர் நினைவில் இருந்தது. தோண்டினார். மார்ச் 29 அன்று உலகத்துக்குத் தெரிந்தது.

திருத்தத்தைச் சேர்த்தவர் ஜியா டான் என்கிற பெயரில் இயங்கிய யாரோ. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ஒரு காலத்தில் நாம் மாறி மாறிக் கட்டுரை எழுதினோம். இங்கே ஆசிரியர் சாகவில்லை, களைத்துப்போனார். எக்ஸ்-இசட்டைப் பல ஆண்டுகள் ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்ட லாஸே காலின் 2022இல், தனக்கு நீண்டநாள் மனநலச் சிக்கல் இருப்பதையும் இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் வெளிப்படையாகவே எழுதினார். வேலை தாமதமாகிறது, பொறுப்பை வேறு யாருக்காவது கொடு என்று சில பெயர்கள் அவரை நெருக்கிக்கொண்டே இருந்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நிஜ மனிதர் யாரும் இருந்ததாக இதுவரை தெரியவில்லை. கடிதங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.