கூறியது கூறலும் நிரற்படிகளும்: தமிழ்க் குறியேற்ற மாற்றிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளில் ஒரே நிரற்பகுதி பல இடங்களில் படியெடுக்கப்பட்டுக் கிடப்பது நிரற்படி எனப்படும். அதனைக் கண்டறியும் கருவிகள் பெரும்பாலும் வரிகளின் வடிவ ஒப்புமையை அளவுகோலாகக் கொள்கின்றன. தமிழ் எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களில் இவ்வளவுகோல் பிழைபடுகிறது என்பதையும், அப்பிழையின் விளைவு சேலம், நாமக்கல் வட்டாரத்து ஊர்ப்பெயர்களிலும் பேச்சுவழக்குப் பதிவுகளிலும் எவ்வாறு வெளிப்படும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிரற்படி, குறியேற்றம், ஒருங்குறி, பாமினி, டிஸ்கி, கூறியது கூறல், பாடவேறுபாடு

முன்னுரை

தமிழாய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தேடுவோர் ‘ஆசிரியர்’ என்னும் சொல்லைத் தட்டச்சிட்டால், அச்சொல் இடம்பெற்ற கட்டுரைகள் பலவும் விடுபட்டே வருகின்றன. விடுபட்டவற்றைத் திறந்து பார்த்தால் அச்சொல் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஆயினும் அது ‘ஆசிாியா்’ என்று பதிவாகியிருக்கும். ரகரம் இருக்கவேண்டிய இடத்தில் துணைக்கால் நிற்கிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தன ஆகையால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது. மேட்டூர், ஓமலூர், ஆத்தூர், பரமத்திவேலூர் என ஊர்ப்பெயர்கள் ரகர மெய்யில் முடியும் ஒரு வட்டாரத்தின் ஆய்வேடுகளில் இப்பிழை புகுந்தால், அவ்வூர்கள் தேடுபொறிக்கு இல்லாத ஊர்களாகிவிடும்.

இப்பிழையைத் தட்டச்சாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தட்டச்சாளர் பாமினி எழுத்துருவின் மரபுப்படியே தட்டியிருக்கிறார். பிழை, அக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிய நிரலில் உள்ளது. அதைத் திருத்தும் வழி எப்போதோ கண்டறியப்பட்டுவிட்டது. திருத்தம் ஒரு படியில் ஏறியது, ஏனைய படிகளில் ஏறவில்லை என்பதே சிக்கல்.

நிரற்படி: கருத்தும் வகையும்

நிரற்படியை இயந்திரத்தால் கண்டறியும் முயற்சிகளில் பிரெண்டா பேக்கர் 1990களில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கருவி முன்னோடியானது. 1998இல் ஐரா பாக்ஸ்டரும் பிறரும் நிரலின் தொடரிலக்கண மரத்தை ஒப்பிடும் முறையை முன்வைத்தனர். 2002இல் கமியா, குசுமோட்டோ, இனோவே ஆகியோர் வெளியிட்ட சி.சி.ஃபைண்டர், நிரலை டோக்கன்களாகப் பிரித்துப் பெயர்களையும் மதிப்புகளையும் பொதுக்குறியாக்கிய பின் ஒப்பிட்டது. வரிக்கு வரி ஒத்த படி, பெயர் மட்டும் மாறிய படி, இடையே சில வரிகள் கூடியோ குறைந்தோ வந்த படி, வடிவம் வேறாகச் செயல் ஒன்றான படி என்னும் நால்வகைப் பகுப்பு இன்று இத்துறையில் பொதுவழக்காகிவிட்டது.

படி என்னும் சொல் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. ஏடு படியெடுக்கப்படுந்தோறும் பாடம் வேறுபடுவதும், பொதுப்பிழைகளைக் கொண்டு படிகளின் உறவை உய்த்துணர்வதும் பதிப்பியலின் அடிப்படை. நிரற்படிகளும் அவ்வாறே பிரிந்து வளர்கின்றன. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. இரு மாற்றிகளில் ஒரே பிழை காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றின் படி என்று கூறிவிட இயலாது. எவர் எழுதினும் முதலில் தோன்றக்கூடிய எளிய விதி என்றால், அதன் பிழையும் தனித்தனியே தோன்றலாம். பதிப்பாசிரியர் இயல்பான எழுத்துப்பிழையையும் தனித்தன்மையுள்ள பிழையையும் ஒன்றாக எடையிடாமை இங்கும் பொருந்தும்.

மார்ட்டின் ஃபவுலர் 1999இல் வெளியிட்ட நூலில் நிரலின் தீநாற்றங்களைப் பட்டியலிடும்போது இரட்டித்த நிரலையே முதலில் வைத்தார். அதே ஆண்டு ஹண்ட், தாமஸ் இருவரும் ஓர் அறிவு ஓரிடத்தில் மட்டுமே இருக்கவேண்டும் என்னும் நெறியை வகுத்தனர். அவர்கள் அறிவு என்றதைப் பின்வந்தோர் பலர் வரி என்று படித்துவிட்டனர். கருவிகள் படிகளின் விழுக்காட்டைக் கணக்கிட்டுத் தருவதும், அவ்விழுக்காடு குறைந்தால் நிரல் மேம்பட்டது என்று கொள்வதும் இத்திரிபின் விளைவுகள். கேப்சர், காட்ஃப்ரே இருவரும் 2006இல், படியெடுத்தல் எல்லாம் தீது என்னும் கொள்கையை மறுத்து, சில சூழல்களில் அது தகுந்த வடிவமைப்பு உத்தியே என்று வாதிட்டனர்.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் பயன்படும் ஓர் அளவுகோலைத் தருகிறது. நூற்குற்றம் பத்தனுள் ‘கூறியது கூறல்’ ஒன்று. அக்குற்றத்தைத் தவிர்க்கும் கருவிகளையும் மரபு வைத்திருக்கிறது: ஒன்றற்குக் கூறிய விதியை மற்றொன்றற்கும் ஏற்றும் மாட்டெறிதல், முன் சொன்னதைச் சுட்டி அமையும் ‘உரைத்தாம் என்றல்’, விதியின் எல்லைக்கு வெளியே நிற்பவற்றைக் கூறும் புறனடை. உரையாசிரியர்கள் ஒரு சூத்திரம் மீண்டும் கூறுவதாகத் தோன்றும்போது ‘இது கூறியது கூறல் ஆகாதோ’ என்று வினவி, இரண்டாவது கூற்று வேறு பயன் தருமாயின் குற்றமன்று என விடையிறுப்பர். இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் கணினி நிரலாக்கம் அறிந்திருந்தனர் என்று எழுதுவது நகைப்புக்குரியது. ஆனால் உரையாசிரியர் வினவியது சொல் மீண்டும் வந்ததா என்பதை அன்று. பயன் மீண்டும் வந்ததா என்பதை. நிரற்படிக் கருவிகள் கேட்காமல் விட்ட வினா அதுவே.

இளம்பிள்ளை அட்டை

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை, சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள தறிகளில் ஏறும் ஜக்கார்டு அட்டையைத் துளையால் எழுதிய நிரல் என்றே கொள்ளலாம். ஊடைநூல் ஒருமுறை ஓடுவதற்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவுநூலைத் தூக்கும். துளையில்லா இடத்தில் தூக்காது. சேலையின் நீளத்துக்கும் தனித்தனி அட்டை வெட்டுவதில்லை. அட்டைத் தொடரின் இருமுனைகளையும் இணைத்து வளையமாக்கினால் அதே பூ மீண்டும் மீண்டும் வரும். அகலத்திலும் ஒரே கொக்கியில் பல கயிறுகளைக் கட்டினால் ஒரு புட்டாவுக்கு வெட்டிய துளை பல புட்டாக்களை எழுப்பும். இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடிப் பிம்பமாக அமையும் வடிவத்துக்குக் கயிற்றை முன்னும் பின்னுமாகத் திருப்பிக் கட்டினால் பாதிக் கொக்கிகளே போதும்.

துணியில் பூ ஆயிரம் முறை வந்தாலும் அறிவு ஓரிடத்திலேயே உள்ளது. இது கூறியது கூறல் அன்று. மாறாக, ஒரே வடிவத்தைப் பத்துத் தறிகளில் நெய்யப் பத்து அட்டைக் கட்டுகள் வெட்டப்படுகையில் அறிவு பத்து இடங்களில் படியாகிறது. ஒரு கட்டில் தவறான துளையை அடைத்துத் திருத்தினால் ஏனைய ஒன்பதிலும் தவறு நிற்கும். ஒரே கோப்பிலிருந்து பல தறிகளை இயக்கும் மின்னணு ஜக்கார்டு இச்சுமையைக் குறைக்கிறது. தமிழ் மாற்றிகளின் நிலை அட்டைக் கட்டுக் காலத்தையே ஒத்திருக்கிறது.

மாற்றிகளும் அட்டவணைகளும்

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டின் வழியே டாம், டாப் குறியேற்றங்கள் தரமாக்கப்பட்டன. இணையத் தன்னார்வலர் உருவாக்கிய டிஸ்கி ஒருபுறம், அச்சகங்களில் வேரூன்றிய பாமினியும் அரசு அலுவலகங்களில் பரவிய வானவில்லும் மறுபுறம். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் ஏற்றபோது பழைய கோப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. எனவே மாற்றிகள் பல தோன்றின. அவற்றின் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றே: பழைய குறியை இடப்பக்கமும் ஒருங்குறி எழுத்தை வலப்பக்கமும் கொண்ட நீண்ட அட்டவணை, அதனை வரிசையாக எடுத்து உரையில் பதிலிடும் சுழற்சி.

இத்தகைய நிரலைச் சி.சி.ஃபைண்டர் போன்ற கருவியிடம் கொடுத்தால் என்ன நிகழும்? மேற்கோளுக்குள் உள்ள மதிப்புகள் யாவும் ஒரே பொதுக்குறியாகிவிடுவதால் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒத்ததாகிவிடும். பாமினி அட்டவணையும் டிஸ்கி அட்டவணையும் ஒன்றன் படி மற்றொன்று என்று கருவி கூறும். உண்மையில் அவை இரு வேறு உண்மைகளைப் பதிவுசெய்பவை. அவற்றை இணைத்துச் சுருக்க முனைவது அறிவிலித்தனம். மறுபுறம், ஒரே பாமினி அட்டவணையை ஒருவர் பைத்தானிலும் மற்றொருவர் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் வேறு வரிசையில் எழுதியிருந்தால் அதனைக் கருவி காணாது. படியல்லாததைப் படி என்றும், படியை அன்று என்றும் கூறும் அளவீட்டின் விழுக்காட்டுக்கு என்ன மதிப்பு?

மூன்று பிழைகளும் அவற்றின் தரமும்

பாமினியில் ரகரம் புள்ளியோ இகர, ஈகரக் குறியோ ஏற்கும்போது துணைக்கால் குறியாலேயே எழுதப்படும். இதனை அறியாத மாற்றி ‘மேட்டூா்’ என்றும் ‘தொியும்’ என்றும் தரும். ஆனால் துணைக்காலுக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ தமிழில் வரவே இயலாது. எனவே அங்கு நிற்பது ரகரமே என்று ஐயமின்றித் துணியலாம். ஒரு விதி போதும், இழப்பு ஏதுமில்லை.

இரண்டாவது பிழை ஔகாரத்தைப் பற்றியது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே குறி. கொம்பு, மெய், ளகரம் என்று வந்தால் ஔகாரமாக்கு என்னும் விதி ‘கௌரவம்’ என்பதைச் சரியாகத் தரும். அதே விதி ‘வெள்ளி’யை ‘வௌ்ளி’ என்றும் ‘தெளிவு’ என்பதைத் ‘தௌிவு’ என்றும் சிதைக்கும். செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுத் தொழிலைப் பற்றிய ஒரு கட்டுரை இம்மாற்றியில் புகுந்து வெளிவந்தால் அதன் தலைப்புச் சொல்லே தேடலில் அகப்படாது. (‘கொலுசு’ என்பதிலும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிப்புள்ளிகளாக நின்றுவிடக்கூடும். அது ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளால் சீராகிவிடும். ஔகாரத்துக்குப் பதிலாக நின்ற ளகரம் அவ்வாறு சீராகாது.) ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருப்பின் ஔகாரமாக்காதே என்னும் புறனடை சேர்த்தால் இதுவும் தீரும்.

டிஸ்கியில் ஔகாரப் பின்பாதிக்குத் தனியிடம் உண்டு. ஆகவே பாமினிக்கு எழுதிய இவ்விதி அங்குத் தேவையற்றது. அட்டவணையை மட்டும் மாற்றிக்கொண்டு விதியை அப்படியே படியெடுத்தால், டிஸ்கிக் கோப்புகளில் இல்லாத பிழை புதிதாக உண்டாகும். படியெடுத்தவர் விதியை எடுத்தார். அதன் காரணத்தை எடுக்கவில்லை.

மூன்றாவது வகையே கடினமானது. இவ்வட்டாரப் பேச்சில் விளக்கு ‘வெளக்கு’ ஆகும், துடைப்பம் ‘வெளக்குமாறு’. வட்டார நாவல்களிலும் நாட்டார் வழக்காற்றுப் பதிவுகளிலும் இவ்வடிவங்கள் அவ்வாறே எழுதப்படுகின்றன. இங்கு ளகரம் அகரமேறி நிற்பதால் புறனடை காப்பாற்றாது. ‘வௌக்கு’ என்று மாறிவிடும். அது ஒருங்குறி விதிக்குப் புறம்பானதும் அன்று. இயந்திரச் சோதனை அதனைத் தடுக்காது. எழுத்து வழக்கை மட்டும் மனத்திற்கொண்டு எழுதிய விதி பேச்சுவழக்கை அழிக்கிறது.

குறைக்கும் முறை

இந்நிலையில் படிகளைக் குறைத்தல் என்பது வரிகளைக் குறைத்தல் ஆகாது. ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகத்தில், குறியேற்றத்துக்கு ஓர் அட்டவணையும் அனைத்துக்கும் பொதுவான ஒரு மாற்றுச் செயற்கூறும் என்னும் அமைப்பு காணப்படுகிறது. இது மாட்டெறிதலின் நெறி எனலாம். மாறுபடும் அறிவு அட்டவணையில், மாறாத செயல் ஓரிடத்தில். ஆனால் எல்லாக் குறியேற்றங்களையும் ஒரே செயற்கூறு தாங்கவேண்டும் என்னும் ஆர்வத்தில் ‘பாமினியாயின் இது, டிஸ்கியாயின் அது’ என்று நிபந்தனைகளை அடுக்கினால், பழைய படிகளே மேலானவை என்று தோன்றும் நிலை வரும். ஔகார விதி பாமினிக்கு உரியது; அது பாமினி அட்டவணையின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கண்டறிதலிலும் வடிவ ஒப்பீட்டைவிடச் செயல் ஒப்பீடு பயனுடையது. ஒரே சொற்றொகுதியை எல்லா மாற்றிகளிலும் செலுத்தி விடைகளை அருகருகே வைப்பது பாடவேறுபாட்டு அட்டவணை தயாரிப்பதற்கு நிகரான பணி. ஆசிரியர், மேட்டூர், தெரியும், வெள்ளி, தெளிவு, கொலுசு, கௌரவம், வெளக்குமாறு என்னும் எட்டுச் சொற்களே ஒரு மாற்றி எத்தகையது என்பதைக் காட்டிவிடும். எங்கு விடைகள் வேறுபடுகின்றனவோ அங்கே படிகள் பிரிந்துள்ளன. இச்சோதனையை முதலில் எழுதி, அதன் பின்னரே நிரலைச் சுருக்குதல் வேண்டும். வரிசை மாறினால் சுருக்கியபோது இழந்தது எது என்று அறிய வழியில்லை.

எட்டாவது சொல்லுக்கு மட்டும் விதி போதாது, சொற்பட்டியல் தேவை. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி போன்ற நூல்கள் அதற்கு மூலமாகும். அவற்றிலிருந்து, குறிலாகிய எகரம் ஏறிய மெய்யை அடுத்து அகரமேறிய ளகரம் வரும் சொற்களை மட்டும் திரட்டினால் பட்டியல் சிறிதாகவே அமையும். அது எந்த ஒரு மாற்றியின் உள்ளேயும் எழுதப்படாமல் தனிக்கோப்பாக இருத்தல் வேண்டும். மாற்றிகள் அனைத்தும் அதனை அழைத்துக்கொள்ளட்டும். அப்பட்டியலைத் தொகுக்கத் தகுதியுடையோர் நிரலாளர் அல்லர். வட்டார வழக்கு ஆய்வேடுகளை நெறிப்படுத்தும் தமிழ்த்துறையினரே.